மூன்று முறை அதே நிலை வந்தும் டிரா தரவில்லை, நடுவர் செய்தது சரியா?

திருச்சி அம்மா:
வணக்கம். மகளுக்கு 11 வயது. போன வாரம் ஒரு மாவட்டச் செஸ் போட்டியில் நடந்தது பற்றி விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளுக்கு வெள்ளை. ராணியும் ஒன்றிரண்டு சிப்பாய்களும்தான் மிச்சம். எதிரே ஆடிய பையனிடம் ஒரு யானையும், ஏ2-வில் ராணியாகக் காத்திருக்கும் சிப்பாயும். அதை நகர்த்த விடாமல் இவள் செக் மேல் செக் கொடுத்தாள். ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டது. கையைத் தூக்கி "டிரா" என்று கேட்டாள். நடுவர் வந்து பார்த்து, "ஆட்டத்தைத் தொடருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிள்ளை குழம்பிப்போய், இனி செக் கொடுத்துப் பயனில்லை என்று ராஜாவை நகர்த்திவிட்டாள். சிப்பாய் ராணியானது, தோற்றுவிட்டாள். வீட்டில் செஸ்.காமில் ஆடும்போது மூன்றாவது முறை தானாகவே டிரா ஆகிவிடுகிறதே? மேல்முறையீடு செய்யலாமா?

கறுப்புக் குதிரை:
செஸ்.காம் வழக்கம் வேறு, போட்டி விதி வேறு. அங்கே மூன்றாவது முறை கணினியே ஆட்டத்தை முடித்துவிடும். லிச்செஸ் என்ற இன்னொரு தளத்தில் மூன்றாவது முறை வந்ததும் டிரா கேட்கும் வசதி தெரியும், நாம்தான் கேட்க வேண்டும். நேரில் ஆடும்போது ஃபிடே (உலகச் செஸ் கூட்டமைப்பு) விதிப்படி ஆட்டக்காரர் கேட்டால்தான் உண்டு. கேட்கும் முறையும் முக்கியம்.

பள்ளிப் பயிற்சியாளர்:
மேடம், ஸ்கோர் ஷீட் கையில் இருக்கிறதா? செக் ஆரம்பித்த இடத்திலிருந்து நகர்வுகளைப் போடுங்கள். கிளாக்கை அழுத்துவதற்கு முன் கேட்டாளா, பின் கேட்டாளா என்பதையும் கேட்டுச் சொல்லுங்கள்.

திருச்சி அம்மா:
இருக்கிறது சார். 41: இ4-ல் இருந்த ராணி இ8 போய் செக், கறுப்பு ராஜா ஜி8-லிருந்து எச்7. 42: ராணி எச்5 செக், ராஜா ஜி8. 43: ராணி இ8 செக், ராஜா எச்7. 44: ராணி எச்5 செக், ராஜா ஜி8. 45: ராணி இ8 செக். இங்கேதான் கிளாக்கை அழுத்திவிட்டு டிரா கேட்டிருக்கிறாள். நடுவர் போனபிறகு பையன் ராஜாவை எச்7-க்கு வைத்தான். 46-ல் இவள் ராஜாவை நகர்த்திவிட்டாள்.

பள்ளிப் பயிற்சியாளர்:
சரி, இப்போது தெளிவாகிவிட்டது. உங்கள் மகள் எண்ணியது சரி. 41, 43, 45 மூன்றிலும் ராணி இ8-ல், ராஜா ஜி8-ல், கறுப்பு ஆட வேண்டிய நிலை. அந்த வயதில் பல பிள்ளைகள் செக்கைத்தான் எண்ணுவார்கள், இவள் நிலையை எண்ணியிருக்கிறாள். ஆனால் டிரா கேட்கும் உரிமை, யாருடைய முறையோ அவருக்குத்தான். கிளாக்கை அழுத்தியதும் முறை பையனுடையது. அதனால் நடுவர் மறுத்தது சரியே. மேல்முறையீட்டில் நிற்காது.

45-ல் அவள் செய்திருக்க வேண்டியது இதுதான். காயைத் தொடக்கூடாது, தொட்டால் அந்த நகர்வில் டிரா கேட்கும் உரிமை போய்விடும். "ராணி இ8 செக்" என்று தாளில் மட்டும் எழுதி, கடிகாரத்தை நிறுத்தி, நடுவரைக் கூப்பிட்டு, "இந்த நகர்வை ஆடப்போகிறேன், ஆடினால் இதே நிலை மூன்றாவது முறை வரும், டிரா கேட்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

இதைவிட முக்கியமானது அடுத்த வரி. பையன் 45-ல் ராஜாவை எச்7-க்கு வைத்தானே, அந்த நிலையும் 41, 43-க்குப் பிறகு மூன்றாவது முறை! ஆட வேண்டியது உங்கள் மகள். எதையும் எழுதாமலே, காயைத் தொடாமல், அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம், டிரா கிடைத்திருக்கும். "தொடருங்கள்" என்று நடுவர் சொன்னதற்கு டிராவே கிடையாது என்று பொருள் இல்லை, இப்போது உன் முறை இல்லை என்று மட்டும்தான். அதைக் குழந்தைக்குப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2014 ஜூலையிலிருந்து, ஒரே நிலை ஐந்து முறை வந்தால் யாரும் கேட்காமலே ஆட்டம் டிரா. பதறாமல் அதே செக்கைத் தொடர்ந்திருந்தால் 49-வது நகர்வில் அது வந்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்: கேட்கத் தயக்கமாக இருந்தால் நிறுத்தாமல் அதையே ஆடு.

திருச்சி அம்மா:
ரொம்ப நன்றி சார், 45-க்கு அப்புறம் இன்னொரு வாய்ப்பு இருந்தது எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. தவறாக எண்ணி டிரா கேட்டுவிட்டால் தண்டனை உண்டா?

பள்ளிப் பயிற்சியாளர்:
எதிராளிக்கு 2 நிமிடம் கூடும், ஆட்டம் தொடரும். எழுதிய நகர்வையே ஆட வேண்டும். தோற்கும் நிலையில் இது பெரிய விலை இல்லை, சந்தேகம் இருந்தாலும் கேட்கச் சொல்லுங்கள்.

எட்டாம் வரிசை:
ஒன்று சேர்க்கிறேன். மூன்று முறையும் அடுத்தடுத்து வர வேண்டும் என்பதில்லை, இடையில் ஆடும் நகர்வுகள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1971-ல் புவெனஸ் அயர்ஸில் நடந்த ஃபிஷர் – பெட்ரோசியன் மோதலின் மூன்றாவது ஆட்டத்தைப் பாருங்கள். 30, 32 இரண்டிலும் ஃபிஷரின் ராணி இ2-வுக்கு வந்தது. இடையில் ஒருமுறை கறுப்பின் ராணி போய்த் திரும்பியது, இன்னொரு முறை யானை. 34-ல் மறுபடி ராணி இ2 என்று தாளில் எழுதி நடுவரிடம் காட்டி டிரா வாங்கினார் ஃபிஷர். முன்னாள் உலகச் சாம்பியன் பெட்ரோசியனே அதைக் கவனிக்கவில்லை.

காஸ்லிங்கையும் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) பார்க்க வேண்டும். முதல் முறை வந்தபோது காஸ்லிங் உரிமை இருந்து, பிறகு ராஜா நகர்ந்து அது போயிருந்தால், காய்கள் அதே கட்டங்களில் நின்றாலும் அது வேறு நிலை. 1986-ல் டில்பர்க்கில் கார்போவ் – மைல்ஸ் ஆட்டம் மூன்று முறை வந்ததாக டிரா ஆனது, உண்மையில் முதல் முறை கறுப்புக்குக் காஸ்லிங் உரிமை இருந்தது. உங்கள் மகள் ஆட்டத்தில் இந்தச் சிக்கல் இல்லை.

புதுமுகம்:
இழையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ராஜாவும் குதிரையும், எதிராளியிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும். அவருக்கு நேரம் முடிந்தது. செஸ்.காம் டிரா என்றது. போட்டியிலும் அப்படித்தானா?

பள்ளிப் பயிற்சியாளர்:
இல்லை தம்பி, ஃபிடே விதிப்படி பொதுவாக உங்களுக்கு வெற்றி. விதிக்கு உட்பட்ட ஏதாவது ஒரு வழியில், எதிராளி எவ்வளவு மோசமாக ஆடினாலும் சரி, மேட் வர வாய்ப்பு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். அவருடைய சிப்பாயே அவர் ராஜாவுக்குத் தப்பும் கட்டத்தை அடைத்துவிட முடியும், அதனால் குதிரையால் மேட் சாத்தியம். அவரிடம் சிப்பாய் இல்லாமல் ராஜா மட்டும் இருந்திருந்தால் ஆட்டம் அப்போதே டிரா, கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதே இல்லை.