பேரி ஜான் 27 வயதில் விலகியது ஏன்? அமெச்சூர் விதியா, அவரே எடுத்த முடிவா?

எதிர்க்காற்று:
வேல்ஸ் ரக்பி அணியோட ஃபிளை-ஹாஃப் (ஆட்டத்தை நடத்துற 10-ம் எண் ஆட்டக்காரர்) பேரி ஜான் 1972-ல விலகினதுக்கு எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்றாங்க. ரில் ஊர்ல ஒரு வங்கி விழாவுல, ராணிக்கு வணங்குற மாதிரி ஒரு பொண்ணு முழங்கால் மடிச்சு வணங்கினா, புகழ் அவருக்குத் திகட்டிப்போச்சு, விலகிட்டார்னு. நான் ஒத்துக்க மாட்டேன். அமெச்சூர் விதிதான், அதாவது ரக்பியை வெச்சுப் பணம் வாங்கக் கூடாதுங்கிற அன்னிய விதிதான், அவரைத் துரத்துச்சு. 1971 லயன்ஸ் (பிரிட்டன், அயர்லாந்து நாடுகளோட கூட்டு அணி) பயணம் மே மாசம் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும். ஆஸ்திரேலியாவில 2, நியூசிலாந்துல 24, மொத்தம் 26 ஆட்டம். சம்பளம்னு எதுவும் கிடையாது. ஊரே 'கிங்'னு கூப்பிடுது, ஆனா அந்தப் பேரை வெச்சுப் பத்துக் காசு சம்பாதிச்சா ரக்பியை விட்டே வெளியே!

கணக்குப்பிள்ளை:
விதி அவருக்கு மட்டுமா இருந்தது? சக வேல்ஸ் ஆட்டக்காரர் கேரத் எட்வர்ட்ஸ் அதே விதிக்குள்தான் 1967 முதல் 1978 வரை வேல்ஸுக்கு 53 டெஸ்ட் ஆடினார், ஒன்றைக்கூடத் தவறவிடாமல். ஜான் ஆடியது வேல்ஸுக்கு 25, லயன்ஸுக்கு 5. அந்த ஐந்திலும் 1968-ல் பிரிட்டோரியாவில் ஆடிய முதல் டெஸ்டிலேயே காறை எலும்பு முறிந்து, அந்தப் பயணம் அவருக்கு அத்தோடு முடிந்தது. உண்மையைச் சொன்னால் 'கிங்' பட்டம் நிற்பது 1971 என்ற ஒரே பயணத்தின் மேல்.

டச்லைன்:
அந்த ஒரே பயணத்தைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்ப்போமே. நியூசிலாந்தோட ஆடின நாலு டெஸ்ட் முடிவுகள்: டனீடின் 9-3 வெற்றி, கிறைஸ்ட்சர்ச் 12-22 தோல்வி, வெலிங்டன் 13-3 வெற்றி, ஆக்லாந்து 14-14 சமன். நாலுலயும் சேர்த்து லயன்ஸ் எடுத்தது 48, அதுல ஜான் மட்டும் 30. முறையே 6, 6, 10, 8. நியூசிலாந்து மண்ணுல லயன்ஸ் ஜெயிச்ச தொடர் இன்னிக்கு வரைக்கும் அது ஒண்ணுதான்.

கணக்குப்பிள்ளை:
அந்த 30-ஐயும் பிரியுங்கள். 5 பெனால்டி (எதிரணி தவறுக்குக் கிடைக்கும் உதை), 3 கன்வர்ஷன் (டிரைக்குப் பிறகு கிடைக்கும் கூடுதல் உதை), 2 டிராப் கோல் (ஓட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு உதைப்பது), டிரை (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் வைப்பது) ஒன்றே ஒன்று (அப்போது டிரைக்கு 3 புள்ளிதான்). முன்வரிசை எட்டுப் பேர் சேற்றில் புரண்டு பந்தைப் பிடுங்கித் தந்தார்கள், இவர் உதைத்தார்.

டச்லைன்:
'உதைத்தார்' அவ்வளவுதானா? அன்னிக்குப் பந்து தோல். நனைஞ்சா கனக்கும். பந்தை நிறுத்துற பிளாஸ்டிக் டீ (சின்னத் தாங்கி) எல்லாம் கிடையாது, பூட்ஸ் குதிகாலால மண்ணைக் குடைஞ்சு குழி பண்ணி அதுல நிறுத்தணும். பழைய ஆளுங்க நேரா ஓடி வந்து கால்விரல் நுனியால குத்துவாங்க. நுனி பந்துல படுற இடம் ரொம்பச் சின்னது, நடுவை விட்டு ஒரு விரற்கடை விலகினாலே பந்து பக்கவாட்டுல பிய்ச்சுக்கும். ஜான் கால்பந்துக்காரன் மாதிரி கோணத்துல வந்து புறங்காலால அடிச்சார். படுற பரப்பு பெருசு, அதனால சின்னப் பிழையைத் தாங்கும்.

இதுலயும் ஒரு கோளாறு உண்டு. வலது கால்ல அடிச்சா பந்து இடப்பக்கம் வளையும். மைதானத்தோட இடது ஓரக்கோட்டுல (டச்லைன்) இருந்து அடிக்கும்போது அது வசதி: மைதானத்துக்குள்ள தள்ளித் தொடங்கி, வளைஞ்சு கம்பத்துக்குள்ள வரும். வலது ஓரத்துல தலைகீழ், கம்பத்தை விட்டு விலகிப் போகும். 1971-ல மர்ரேஃபீல்டுல வேல்ஸை ஸ்காட்லாந்துக்கு எதிரா 19-18-ன்னு ஜெயிக்க வெச்ச கடைசி கன்வர்ஷன் வலது ஓரத்துல இருந்து. அதை அடிச்சது ஜான் இல்ல, இடது கால்காரர் ஜான் டெய்லர்.

இன்னொண்ணு. 1968-ல கொண்டுவந்த விதிப்படி, சொந்த 25 கஜத்துக்கு வெளியில இருந்து பந்தை நேரா வெளியே அடிச்சா லாபம் இல்ல, உள்ளே குத்திட்டுத்தான் போகணும். டனீடின்ல ஜான் அதைத்தான் ஆயுதமாக்கினார். நியூசிலாந்து ஃபுல்பேக் (பின்னால நின்னு காக்குற ஆட்டக்காரர்) ஃபெர்கி மெக்கார்மிக் வலது மூலைக்கு ஓடினா பந்து இடது மூலையில குத்தி உருளும். அந்த ஆட்டத்துக்கு அப்புறம் மெக்கார்மிக் நியூசிலாந்துக்கு ஆடவே இல்ல.

கணக்குப்பிள்ளை:
சரி, உதை விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் தலைப்பு அதுவல்லவே?

எதிர்க்காற்று:
தலைப்புக்கே வரேன். கடைசி டெஸ்ட் 1972 மார்ச், கார்டிஃப்ல பிரான்ஸை 20-6. அதுல 4 பெனால்டி, மொத்தம் 90 புள்ளியோட வேல்ஸ் சாதனை. கால் தளர்ந்த ஆளு இல்ல. சுயசரிதைக்குப் பணம் வாங்கினதும் 'தொழில்முறை ஆட்டக்காரர்' ஆகிட்டார், அப்புறம் ரக்பியில ஒரு பொறுப்புக்கும் வர முடியாது. அந்தக் கதவு திறந்தது 1995 ஆகஸ்ட்ல, அமெச்சூர் விதியையே தூக்கினப்போ.

கணக்குப்பிள்ளை:
வரிசையைக் கவனியுங்கள். விலகியது 1972, புத்தகம் 1974. தடை வந்தது விலகிய பிறகு. பின்னால் வந்தது முன்னால் நடந்ததற்கு எப்படிக் காரணமாகும்?

எதிர்க்காற்று:
விலகினாத்தான் எழுதிச் சம்பாதிக்க முடியும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா? புகழ் தொல்லைன்னே வெச்சுக்குவோம். தொல்லை மட்டும் முழுசா வரும், வரும்படி வராதுன்னு ஆக்கினது எது?

கணக்குப்பிள்ளை:
அப்படிக் கேட்டால் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு எட்வர்ட்ஸ் நிற்கிறார். அவருக்கும் அதே புகழ், அதே வெறுங்கை, இருந்தும் 1978 வரை ஆடினார்.

டச்லைன்:
எட்வர்ட்ஸும் விலகினதும் புத்தகம் போட்டு அதே தடையில மாட்டினவர்தான், அதையும் கணக்குல சேர்த்துக்குங்க.