சி4 ஆரம்பம்: ஜி2 பிஷப் அடைபடுது, உதவி வேணும்

தலவாக்கலை டீச்சர்:
வணக்கம். தோட்டத்துப் பாடசாலையில பின்னேரம் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக் கொடுக்கிறேன். தரம் 10 பிள்ளை ஒருத்தி வெள்ளைக்கு முதல் நகர்வா எப்பவும் சி4 தான் ஆடுவா (சி வரிசைச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுறது). வலய மட்டப் போட்டியில ஆடினது இது (× என்றா வெட்டு, காஸ்லிங் என்றா ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில மாத்தி வைக்கிறது):

1.சி4 இ5 2.குதிரை சி3 குதிரை எஃப்6 3.ஜி3 டி5 4.சி×டி5 குதிரை×டி5 5.பிஷப் ஜி2 குதிரை பி6 6.குதிரை எஃப்3 குதிரை சி6 7.காஸ்லிங் பிஷப் இ7 8.டி3 காஸ்லிங் 9.இ4 பிஷப் ஜி4 10.எச்3 பிஷப்×எஃப்3 11.பிஷப்×எஃப்3 குதிரை டி4

காய் ஒன்றும் போகல, ஆனா இதுக்குப் பிறகு நெரிச்சே தோற்கடிச்சிட்டாங்க. எங்க பிசகினது?

ஹட்டன் ஆட்டக்காரன்:
பேசாம 1.இ4 பழக்குங்க டீச்சர். ஓரத்து ஆரம்பம் சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது.

பதுளை அண்ணன்:
அதை நான் ஏத்துக்க மாட்டேன் தம்பி. இ4ஐ அவ்வளவு நம்பின அமெரிக்க ஆட்டக்காரர் ஃபிஷரே 1972 உலகப் பட்டப் போட்டியில ஸ்பாஸ்கியோட ஆறாவது ஆட்டத்தை சி4 வச்சுத் தொடங்கி ஜெயிச்சார். பிள்ளைக்குப் பிடிச்சதை மாத்த வேண்டாம்.

டீச்சர், பிசகு 9.இ4. சி சிப்பாய் ஏற்கனவே மாறிப் போச்சு. இ சிப்பாயும் முன்னால போனா டி4 கட்டத்தைக் காக்க சிப்பாயே இல்லை, அங்க வந்த குதிரையை விரட்ட முடியாது. டி3 சிப்பாய் பின்தங்கி நிக்குது. ஜி2 பிஷப்புக்கு முன்னால நம்ம சிப்பாயே மதில். இது நிறம் மாறின சிசிலியன் டிராகன், அதாவது கறுப்பு வழக்கமா ஆடுற ஆரம்பத்தை வெள்ளை ஆடுறது, வெள்ளைக்கு ஒரு நகர்வு கூடுதல். ஜி2 பிஷப் நிக்கிற அந்த நீண்ட மூலைவிட்டம் (எச்1இலிருந்து ஏ8 வரை) தான் நம்ம சொத்து, அதை அடைக்கவே கூடாது.

9.ஏ3 ஆடச் சொல்லுங்க. பிறகு பி4, பிஷப் இ3, யானை சி1, குதிரை ஏ4 வழியா சி5. வேலை முழுக்க ராணி பக்கம். இ4 தான் ஆசைன்னா வேற அமைப்பு இருக்கு: சி4 சிப்பாய் மாறாம நிக்கணும், குதிரை எஃப்3க்குப் போகாம இ2க்குப் போகணும். அப்பதான் எஃப்4 தள்ள வழி இருக்கும்.

தலவாக்கலை டீச்சர்:
நன்றி அண்ணா. 9.ஏ3க்கு கறுப்பு ஏ5 ஆடி பி4ஐத் தடுத்தா?

பதுளை அண்ணன்:
தடுக்கட்டும். ஏ சிப்பாய் தாண்டிப் போனா பி5 கட்டம் பலவீனம், ஏ6 வச்சு விரட்ட ஆள் இல்லை. பிஷப் இ3 வச்சிட்டு குதிரையை பி5க்கோ ஏ4க்கோ கொண்டு போகலாம். இந்த நிலையை இரண்டு பக்கமும் மாறி மாறி ஆட விடுங்க. அடுத்த ஆட்டத்தையும் இங்க போடுங்க, பார்ப்போம்.