மறுமொழி: தேர்ச் சக்கர நிதி (ஆசாரி வேலையைப் பற்றி எழுதியதற்கு)

அன்புள்ள ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

ஷார்ஜாவிலிருந்து எழுதுகிறேன். நிதி கேட்டு மடல் வந்தால் முடிந்ததை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருக்கிறவன் நான். நம் ஊர்த் தேருக்குப் புதுச் சக்கரம் போட நிதி கேட்ட இந்தத் தடவை அப்படி இருக்க முடியவில்லை. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஹ்ரைன் மச்சான் பங்குனியில் ஊருக்குப் போய்வந்து படம் போட்டிருந்தார். தேரின் முன் இடது சக்கரத்தில் விரல் நுழைகிற வெடிப்பு. பச்சைப் பெயின்டுக்கு அடியிலிருந்து, வெடிப்பை அடைக்கப் பூசிய மக்கு உதிர்ந்து கிடக்கிறது. மச்சான் பார்த்துச் சொன்னது நல்ல காரியம். அதற்குக் கீழே நியூ ஜெர்சி சித்தப்பா எழுதிய வரிதான் என்னை இரண்டு ராத்திரி தூங்கவிடவில்லை: "அந்த ஆசாரி வேலை அவ்வளவுதான், செத்த மனுஷனைக் குறை சொல்லக் கூடாது." குறையும் சொல்லியாச்சு, சொல்லக் கூடாது என்றும் சொல்லியாச்சு.

சித்தப்பா, அந்தச் சக்கரம் செய்தபோது பக்கத்தில் நின்று உளி எடுத்துக் கொடுத்த பையன் நான். இலுப்பைப் பலகை, மூன்று அடுக்கு, ஒன்றுக்கொன்று குறுக்காக. மரம் இரண்டு மழைக்காலம் கோயில் குளத்தில் ஊறியது. வெளியே எடுத்ததும் வெட்டுமுகத்தில் சாணியும் களிமண்ணும் குழைத்து அப்பி, நிழலில் ஒரு வருஷம் போட்டுவைத்தார் ஆசாரியார். அவசரப்பட்டவர்கள் ஊர்க்காரர்கள்தான். "என்ன ஆசாரியாரே, மரம் குஞ்சு பொரிக்கணுமா" என்று கேட்டவர் யார் என்று சித்தப்பாவுக்கே தெரியும்.

பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்ட வருஷம் அப்பா என்னைக் கொண்டுபோய் அவர் பட்டறையில் விட்டார். முதல் மூன்று மாதம் மரத்தைத் தொடவிடவில்லை. உளி தீட்டுவது மட்டும்தான் வேலை. தீட்டிக் கொடுத்தால் தன் முன்கையில் வைத்து ஒரு இழுப்பு இழுப்பார். மயிர் விழவில்லை என்றால் ஒரு வார்த்தை பேசாமல் கல்லுக்குப் பக்கத்தில் திருப்பி வைத்துவிடுவார். அவர் இடது கை எப்போதும் மொழுமொழு என்றுதான் இருக்கும்.

அப்போது டயர் வண்டி வந்துவிட்டது, ஆனாலும் கட்டை வண்டி முழுக்க ஒழியவில்லை. ஒரு சக்கரத்துக்கு 12 ஆரக்கால், சுற்று விளிம்புக்கு 6 வட்டை, நடுவில் அச்சு நுழைகிற கருவேலங் குடம். இரும்புப் பட்டாவைச் சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைத்துத்தான் கொல்லுப் பட்டறையில் அடிப்பார்கள். சுற்றிலும் வறட்டி அடுக்கிக் கொளுத்தி, பட்டா சிவந்ததும் நாலு பேர் குறடு பிடித்துத் தூக்கிவந்து சக்கரத்தின் மேல் இறக்க வேண்டும். வட்டை புகைந்து தீப்பிடிப்பதற்குள் தண்ணீர் ஊற்ற வேண்டும். பட்டா சுருங்கும்போது ஆரக்கால் ஒவ்வொன்றாகக் குடத்துக்குள் இறுகி உட்காரும். டக், டக் என்று சத்தம் வரும். அவர் கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். 12 கேட்டால்தான் துண்டை உதறித் தோளில் போடுவார்.

கீழத்தெரு பெரியப்பா வண்டிக்கு நான் செதுக்கிய ஆரக்கால் ஒன்றில் முனை கீறிவிட்டது. திட்டுவாரே என்று பயந்து மரத்தூளையும் வஜ்ஜிரப் பசையையும் குழைத்து அடைத்து, இழைத்து, மறைத்துவிட்டேன். அன்றைக்குப் பட்டா போட்டபோது 11தான் கேட்டது. என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். பெரியப்பா ஏற்கெனவே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார், வண்டி போய்விட்டது.

சம்பா அறுப்பில் கட்டு ஏற்றி வந்த வண்டி வாய்க்கால் மதகில் சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு மாட்டுக்கு முட்டி உரிந்தது. நனைந்த கட்டோடு வந்து பெரியப்பா கத்தியபோது ஆசாரியார், "என் கைத் தப்பு" என்றார். கூலி வாங்காமல் புதுச் சக்கரம் செய்து கொடுத்தார். நான் ராத்திரி அழுதுகொண்டே போய் உண்மையைச் சொன்னேன். "தெரியும்டா. உன் தப்பை நீ சொல்லு, என் தப்பை நான் சொல்லிட்டேன். பதினொண்ணு கேட்டும் விட்டவன் நான்தானே" என்றார். உடைந்த ஆரக்கால் பட்டறைக் கூரையில் கடைசிவரை தொங்கியது. யார் செய்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. நானும் இன்றைக்குத்தான் சொல்கிறேன். பெரியப்பா மகன் இந்தக் குழுவில் இருக்கிறார், மன்னித்துக்கொள் அண்ணே.

சரி, தேருக்கு வருகிறேன்.

அந்தச் சக்கரம் 24 வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடியது. தேர் நின்றது கீற்றுக் கொட்டகையில். வெயில் காலத்தில் வாரம் ஒருமுறை தரையில் தண்ணீர் தெளிப்பார். அமாவாசைக்கு அமாவாசை சக்கரத்துக்கு இலுப்பை எண்ணெய் போடுவார். மாதம் ஒரு தடவை நாலு ஆளை வைத்து நெம்பித் தேரைக் கால் சுற்று நகர்த்துவார், ஒரே இடத்தில் பாரம் உட்காராமல் இருக்க. இதற்கெல்லாம் அவருக்கு யார் என்ன கொடுத்தோம்? களத்தில் ஏருக்கு இத்தனை மரக்கால் என்று ஆசாரிக்குச் சுதந்திரம் என்று கூலி நெல் அளந்த காலம் அவர் அப்பாவோடு போய்விட்டது.

2018 நவம்பர் 16 கஜா புயலில் கொட்டகை பறந்தது. நம் சங்கம் பணம் திரட்டித் தகரக் கொட்டகை போட்டது. ஷார்ஜா, துபாய் வசூலைப் பார்த்தவன் நான்தான். "தகரம் வேண்டாம்டா, சித்திரை வெயில்ல உள்ளே அடுப்பு மாதிரி இருக்கும், கீத்தே போடுங்க, வருஷா வருஷம் மாத்தலாம்" என்று அவர் போனில் சொன்னதும் என்னிடம்தான். கீற்றில் உபயம் என்று பேர் எழுத முடியாதே. தகரத்தில் எழுதினோம். என் பேரும் இருக்கிறது, மூன்றாவது வரி.

அப்புறம் கொரோனா. 2020, 2021 இரண்டு வருஷமும் தேர் ஓடவில்லை. நெம்பி நகர்த்த ஆள் கூடவில்லை. மேற்கு வெயில் தகரத்தில் இறங்க, அந்த இடது சக்கரம் ஒரே இடத்தில் ஒரே பக்கமாகக் காய்ந்தது. வெடிக்காமல் என்ன செய்யும்?

2022 ஏப்ரலில் தஞ்சாவூர் களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அந்த வைகாசிக்கு நான் ஊரில் இருந்தேன். எல்லோரும் அண்ணாந்து கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஒருத்தர்தான் குனிந்தார். கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே வந்தார். மூன்று சக்கரம் கணீர் என்றது, நாலாவது தொப்பென்றது. "கழட்டணும், இந்த வருஷம் சப்பரத்தோட நிறுத்துங்க" என்றார். திருவிழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. பத்திரிகை அடித்தாயிற்று, வெளிநாட்டுக்காரர்கள் டிக்கெட் எடுத்தாயிற்று. விழாக் கமிட்டியில் ஒருவர் பெயின்டரைக் கூப்பிட்டு மக்குப் போடச் சொன்னார். ஆசாரியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். மக்குப் போடச் சொன்னவர் எனக்குத் தாய்மாமன் முறை. நான் அன்றைக்கும் தெருவைத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு போன தையில் சாகிறவரை அவர் வடம் தொட வரவில்லை. பரிவட்டத் தகராறால் கோபித்துக்கொண்டார் என்று ஊரே பேசிற்று. அந்தப் பரிவட்டக் கதையை நான் இங்கே கிளறவில்லை. அவர் வராததற்கு அது காரணம் இல்லை, அவ்வளவுதான்.

இனி நிதி விஷயம். பக்கத்து ஊரில் இரும்புச் சக்கரம் போட்டுவிட்டார்கள், நம் மானம் போகிறது என்று சித்தப்பா எழுதியிருக்கிறார். இரும்பு போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆசாரியாருக்கும் இருந்திருக்காது. திருவாரூர் ஆழித் தேரைப் பார்த்துவிட்டு வந்து, அவ்வளவு பெரிய தேரை ஹைட்ராலிக் பிரேக் போட்டு நிறுத்துகிறான் பாருடா என்று ஒரு வாரம் வாய் ஓயாமல் பேசினவர் அவர். திருச்சி பெல் (BHEL) தொழிற்சாலையில் எத்தனையோ தேருக்குச் சக்கரமும் அச்சும் செய்திருக்கிறார்கள். முறையாகக் கேட்போம். ஆனால் பொதுப்பணித்துறைப் பொறியாளர் வந்து பார்த்துச் சான்று கொடுக்கும்வரை தேர் நிலையைவிட்டு நகரக் கூடாது. மேலவீதி முனையில் இடது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத்தான் திருப்புகிறோம், முழுப் பாரமும் அந்த வெடிப்பில்தான் விழும். தெருவுக்குச் சிமெண்டு போட்டு உயர்த்தியிருக்கிறார்கள், கம்பி உயரத்தையும் மறுபடி அளக்க வேண்டும். தகரத்துக்கு மேலே கீற்று வேய்வதற்கு ஆகிற செலவு என்னுடையது. பேர் எழுத வேண்டாம்.

தகரக் கொட்டகை வசூலின் 2019 கணக்கு வராமல் ஒரு பைசா தரமாட்டேன் என்ற பொருளாளர் அண்ணனை, முட்டுக்கட்டை போடுகிறார் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். முட்டுக்கட்டை போடுகிறவன் இல்லாமல் எந்தத் தேர் முனை திரும்பியது? கேட்கட்டும். வசூல் நோட்டு என்னிடம் இருக்கிறது, படம் எடுத்து அனுப்புகிறேன்.

அண்ணனுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. பட்டறைக் கதவின் உள்பக்கத்தில் ஆசாரியார் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார்: "தேர் 46 ஆள், வந்தது 35, பாக்கி 11." துக்கம் கேட்கப் போனபோது பார்த்தேன். அவர் மகளிடம் கேட்டால், "அப்பா அதைக் கேக்க வேணாம்னுட்டாங்க" என்கிறது. புதுச் சக்கரத்துக்கு முன்பணம் போவதற்கு முன்னால் இந்த 11 ஆள் கூலி போக வேண்டும்.

வைகாசி முதல் வாரம் வருகிறேன்.

---

தம்பி, மடல் கிடைத்தது. கதவை முழுசாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லவும், எழுத்து மட்டும் போதாது. வருஷம் போட்டிருக்கிறதா? அன்றைய கூலியா இன்றைய கூலியா என்று பொதுக்குழுவில் முடிவு செய்ய வேண்டும். என் கருத்து இன்றைய கூலி. எந்தத் தலைப்பில் எழுதுவது என்றும் யோசித்துச் சொல். நன்கொடை என்று எழுத முடியாது, அது கடன்.

தகரத்துக்கு நான் கொடுத்தது 300 திர்ஹம். ரசீது இன்னும் வரவில்லை.

பொருளாளர்