உள்டயர் மட்டும் மூன்றாவது முறையாக வெடித்திருக்கிறது, ஏன்?

கேள்வி: சங்ககிரி, பத்துச்சக்கர லாரி

சொந்தமாக ஒரே ஒரு லாரி வைத்திருக்கிறேன். நாக்பூர் நடை. மார்ச்சிலிருந்து இடது பின்பக்க இரட்டை டயரில் உள்பக்கம் இருக்கும் உள்டயர் மூன்று முறை வெடித்துவிட்டது. கடைசியாக ஆதிலாபாத் தாண்டி, உச்சி வெயிலில். மூன்றுமே புது ரேடியல், எஃகுக் கம்பி வைத்த டயர். அளவுக்கு மேல் பாரம் ஏற்றுவதில்லை. வெயிலில் காற்று ஏறுகிறதென்று ஓட்டுநர் வழியில் நிறுத்திக் காற்றைக் குறைத்தும் பார்த்துவிட்டார். டயரே மட்டமா?

பதில்: டயர் கடை, நாமக்கல்

தம்பி, சூட்டில் காற்றைக் குறைப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஓடும் டயரில் காற்றழுத்தம் பத்துப் பதினைந்து பவுண்டு கூடுவது இயல்பு. அதைத் தாங்கும்படிதான் டயரைச் செய்கிறார்கள். சூட்டில் இறக்கிவிட்டால் ஆறிய பிறகு காற்று போதாது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிரும். அந்தச் சூடுதான் டயரைக் கொல்கிறது. காலையில், வண்டி உருளும் முன், கேஜ் வைத்துப் பாருங்கள். கம்பியால் தட்டிப் பார்த்தால் முழுக்க இறங்கிய டயர் தெரியும். 120 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 90 இருந்தால் காதுக்குத் தெரியாது.

வெடித்த டயர் இருந்தால் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். பக்கச்சுவர் ஓரமாக வட்டமாக நிறம் மாறி, விரலில் கறுப்பு ரப்பர்த்தூள் ஒட்டினால், காற்றில்லாமல் ஓடிய டயர் அது. இன்னொன்று, பக்கத்து வெளிடயர் எவ்வளவு தேய்ந்தது?

கேட்டவர்

தூள் ஒட்டியது, அண்ணா. வெளிடயர் பழையது. பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர்க் கட்டை, 5 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. புதியதில் 16.

பதில்: டயர் கடை, நாமக்கல்

அங்கேதான் கோளாறு. பட்டனில் 11 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் விட்டத்தில் 22, சுற்றளவில் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர். இரண்டும் ஒரே அச்சில் பூட்டியவை. வேறு வேறு வேகத்தில் சுற்ற முடியாது. உயரமான உள்டயர் பாரத்தைச் சுமக்கிறது, குட்டையான வெளிடயர் தரையில் தேய்ந்துகொண்டே வருகிறது. சாலையின் நடு மேடும் உள்டயர் மேல்தான் பாரத்தைத் தள்ளும். பிரேக் டிரம்மின் சூடும் அதற்கே. இந்த அளவு டயரில் ஜோடிக்குள் விட்ட வித்தியாசம் 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. அதற்குள் வித்தியாசம் இருந்தாலும் உயரமானது வெளியே இருக்கட்டும். ஜோடியாகவே வாங்க முடியாவிட்டால், வண்டியில் உள்ள பழைய டயர்களை அளந்து ஒத்த ஜோடி சேருங்கள். உள்டயர் வால்வுக்கு நீட்டுக்குழாய் போடுங்கள். கை எட்டாததால்தான் யாரும் அதைப் பார்ப்பதில்லை. இடது பக்க பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பதில்: ஓட்டுநர், தர்மபுரி

ஒன்று சேர்க்கிறேன். காற்று குறைந்து ஓடிய ரேடியலைக் கழற்றி உள்ளே பார்க்காமல் மறுபடி காற்று அடிக்காதீர்கள். பக்கச்சுவரின் எஃகுக் கம்பிகள் அறுந்திருந்தால், அடிக்கும்போதே ஜிப் பிரிவதுபோல் கிழியும். ஒரு கடையில் என் கண்ணெதிரே பையன் ஒருவன் லாக் ரிங் (டயரைச் சக்கரத்தில் பூட்டும் இரும்பு வளையம்) போட்ட டயரைப் பாதுகாப்பு இரும்புக் கூண்டுக்குள் வைக்காமல் காற்று அடித்தான். ரிங் தெறித்து அவன் மணிக்கட்டு முறிந்தது. பத்தொன்பது வயது. அன்றிலிருந்து கூண்டு இல்லாத கடையில் நான் வண்டியை நிறுத்துவதில்லை.

கேட்டவர்

நாளை காலை பத்து டயரையும் அளக்கப்போகிறேன். அளவுகளை இங்கேயே எழுதுகிறேன், அண்ணா. எதை எதோடு சேர்ப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.