61ஆம் நாள் ஜாமீனும் எழுத்தில் தராத கைதுக் காரணமும்: சரியா, தவறா?

வைகைக்கரை:
ராத்திரி வீடு புகுந்து 20 பவுன் எடுத்த வழக்கு என்று வைத்துக்கொள்வோம். ஆள் பிடிபட்டாச்சு, பாதி நகை மீட்டாச்சு, அதைக் கைப்பற்றிய மகஜரும் சரி. விரல்ரேகை அறிக்கையும் அடகுக் கடைப் பதிவேடும் வரவில்லை என்று இன்ஸ்பெக்டர் குற்றப்பத்திரிகையை நிறுத்தி வைத்திருக்கிறார். 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வரவில்லை என்று 61ஆம் நாள் காலையில் இரண்டு பக்க மனு போகிறது, அதற்காகவே ஜாமீன் கிடைத்துவிடுகிறது. குற்றம் எப்படிப்பட்டது, ஆள் எப்படிப்பட்டவர் என்று நீதிமன்றம் பார்ப்பதற்கே அங்கே இடமில்லை. போதாததற்கு, கைதுக்கான காரணங்களை எழுத்தில் கொடுக்கவில்லை என்றால் ரிமாண்டே (காவலில் வைக்கும் உத்தரவே) செல்லாது என்கிறார்கள். தவறு அதிகாரியுடையது. அவர் மேல் துறை நடவடிக்கை எடுங்கள். நகையைப் பறிகொடுத்தவர் ஏன் அதற்கு விலை கொடுக்க வேண்டும்? நடைமுறை நீதிக்காகத்தான், நடைமுறைக்காக நீதி இல்லை.

மேலூர் வக்கீல்:
இதே கேள்வி நம்ம மாவட்டத்திலிருந்தே டெல்லி வரை போய்ப் பதில் வாங்கி வந்திருக்கிறது. 2020 ஊரடங்கில் சமயநல்லூர் காவல் நிலைய வழக்கு ஒன்று. அதுவும் நீங்கள் சொன்ன மாதிரி திருட்டு வழக்குதான். கைதாகி 73 நாள் ஆகியும் குற்றப்பத்திரிகை இல்லை. கொரோனாவுக்காகக் கால வரம்புகளை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23 அன்று நீட்டித்திருந்தது. அது போலீசுக்கும் பொருந்தும் என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஒரு நீதிபதி ஜாமீனை மறுத்தார். பொருந்தாது என்று அதே கிளையின் இன்னொரு நீதிபதி சில நாள் முன்புதான் சொல்லியிருந்தார். 2020 ஜூன் 19 அன்று உச்ச நீதிமன்றம் பொருந்தாது என்று சொன்னவர் பக்கம் நின்றது. மனு போட வரும் வழக்காளிக்குத் தந்த சலுகையை, ஒருவரை அடைத்து வைத்திருக்கும் காவல் துறைக்கு நீட்ட முடியாது. நாடே முடங்கிக் கிடந்தபோதே அந்த 60 நாள் அசையவில்லை என்றால், அடகுக் கடைப் பதிவேடு வரவில்லை என்பதற்காக எப்படி அசையும்?

அதிகாரி மேல் நடவடிக்கை எடுத்தால் போதும் என்கிறீர்கள். அந்த நடவடிக்கை நடக்கிற நாளெல்லாம் உள்ளே இருப்பது யார்? குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரை, குற்றச்சாட்டுகூட எழுதாமல் அடைத்து வைக்க மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரமே 60ஆம் நாளோடு தீர்ந்துபோகிறது. அதனால் இது கருணையில் தருகிற ஜாமீன் இல்லை. அரசியலமைப்பின் 21ஆம் பிரிவோடு சேர்ந்த உரிமை என்று பிக்ரம்ஜித் சிங் வழக்கிலும் 2020இல் சொல்லியாச்சு.

வைகைக்கரை:
சரி, 60 நாளா 90 நாளா என்பதிலேயே குழப்பம் இருக்கிறதே. ராத்திரி வீடு புகுந்து திருடினால் புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 331(4)இன்படி 14 ஆண்டு வரை தண்டனை. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 187(3) 'பத்து ஆண்டு அல்லது அதற்கு மேல்' தண்டனை உள்ள குற்றத்துக்கு 90 நாள் என்கிறது. 14 என்பது பத்துக்கு மேல்தானே? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2)இல் 'பத்து ஆண்டுக்குக் குறையாத' என்று இருந்தது. நாடாளுமன்றம் சொல்லை மாற்றியிருக்கிறது என்றால் பொருளையும் மாற்ற நினைத்தது என்றுதானே கொள்ள வேண்டும்?

மேலூர் வக்கீல்:
உங்கள் வாதத்திலேயே வலுவானது இதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஏற்க மாட்டேன். 2017இல் அசாம் வழக்கில், ராகேஷ் குமார் பால் தீர்ப்பு, உச்ச நீதிமன்றத்தின் மூன்றில் இரண்டு நீதிபதிகள் சொன்னது: மரண தண்டனை, ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றங்களை விட்டால், குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டு என்று இருந்தால்தான் 90 நாள். 331(4)க்குக் குறைந்தபட்சமே கிடையாது. ஒரு மாதம்கூட விதிக்கலாம். புதிய சொற்களையும் அப்படித்தான் படிக்க வேண்டும். ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கும் சட்டத்தில் இரண்டு பொருள் வந்தால், அவருக்குச் சாதகமானதை எடுப்பதுதான் முறை.

புலனாய்வு அதிகாரிகளுக்குச் சொல்கிறேன்: சந்தேகம் இருந்தால் 60க்குள் தாக்கல் செய்துவிடுங்கள். ஆய்வக அறிக்கை பின்னால் வந்தால் பி.என்.எஸ்.எஸ். 193(9)இன்படி கூடுதல் அறிக்கை போடலாம். எல்லாத் தாளும் வந்த பிறகுதான் குற்றப்பத்திரிகை என்று சட்டம் எங்கேயும் சொல்லவில்லை.

ஓய்வு ரைட்டர்:
இரண்டு பேரும் பெரிய தீர்ப்பாகப் பேசுகிறீர்கள். ஸ்டேஷனில் இது எங்கே உடைகிறது என்று நான் சொல்கிறேன்.

முதலாவது, நாள் எண்ணுவது. ரிமாண்ட் ஆன நாளைச் சேர்க்கக் கூடாது என்று நினைத்து ஒரு நாள் தவறவிடுவது நிறைய. 2023 மார்ச் 27இல் கபில் வாத்வான் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் முடிவாகச் சொல்லிவிட்டார்கள், ரிமாண்ட் நாளும் கணக்கில் சேரும். ஜூன் 1ஆம் தேதி ரிமாண்ட் என்றால் ஜூன் 30 முப்பதாம் நாள், ஜூலை 30 அறுபதாம் நாள். ஜூலை 31 காலையில் உரிமை பிறந்துவிடும். கைது மே 31 ராத்திரி என்றாலும் கணக்கு ரிமாண்டில் இருந்துதான்.

இரண்டாவது, விடுமுறை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை, அதை ஒட்டி சனி, ஞாயிறும் வந்தால் மூன்று நாள் போச்சு. திங்கள் போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பவர் 55ஆம் நாளே கோப்பை முடித்து ஏ.பி.பி. (அரசு உதவி வழக்கறிஞர்) கருத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது. கருத்து வாங்கத் திரும்பத் திரும்ப அனுப்புவதிலேயே ஒரு வாரம் போகும்.

மூன்றாமாண்டு மாணவி:
மேலூர் சார், ஒரு சந்தேகம். மனு காலையில் போட்டு, அதை விசாரிப்பதற்குள் மதியம் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போய்விடுமா?

மேலூர் வக்கீல்:
போகாதும்மா. சென்னை போதைப்பொருள் வழக்கு ஒன்றில் இதேதான் நடந்தது. அங்கே வரம்பு 180 நாள். 181ஆம் நாள் காலையில் ஜாமீன் மனு. வாதம் முடியப்போகிற நேரத்தில், மாலை 4.25க்கு, வழக்குப் போட்ட துறை கூடுதல் புகாரைக் கொண்டுவந்து வைத்தது, அங்கே குற்றப்பத்திரிகைக்கு நிகர் அதுதான். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது: மனு போட்டு, ஜாமீன் பத்திரம் கொடுக்கத் தயார் என்று சொன்ன நொடியிலேயே உரிமையைப் பயன்படுத்தியாகிவிட்டது. மனுவை நிலுவையில் வைத்தும் வாய்தா போட்டும் அதைத் தோற்கடிக்கக் கூடாது. மனு வாய்மொழியாக இருந்தாலும் போதும் என்று 2017 தீர்ப்பிலேயே உண்டு.

ஆனால் ஒன்றை மறக்காதே. மனுவே போடாமல் இருந்து 62ஆம் நாள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் உரிமை போச்சு. மனுவில் வந்த நேரத்தைப் பதிவு செய்யச் சொல், ரசீதை வாங்கி வை. மதுரை மத்திய சிறையில் வக்கீல் இல்லாமல் இருக்கிறவருக்கு 61ஆம் நாள் என்ன தெரியும்? அதனால்தான் அந்த உரிமையை அவருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பை மாஜிஸ்திரேட் மேல் வைத்திருக்கிறார்கள்.

ஓய்வு ரைட்டர்:
ஜாமீன்தாரர் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள் வக்கீலய்யா. உத்தரவு வாங்கிவிட்டு அதோடு நின்றுபோகிறவர்கள் உண்டு. இரண்டு ஜாமீன்தாரர், ஆளுக்கு 10,000 ரூபாய் பத்திரம், போட்டோ, இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது வங்கிப் பாஸ்புக் நகல். நீதிமன்றம் கொடுத்த கெடுவுக்குள் இது போகாமல், அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த ஜாமீனும் கைவிட்டுப் போகும்.

வைகைக்கரை:
குறைந்தபட்சம் கடும் நிபந்தனையாவது போடலாமே? மோசடி வழக்கில் பணத்தை டெபாசிட் செய்யச் சொன்னால் பாதிக்கப்பட்டவருக்குக் கொஞ்சமாவது பாதுகாப்பு.

மேலூர் வக்கீல்:
அதையும் மதுரைக் கிளை செய்து பார்த்தது. 61ஆம் நாள் ஜாமீனுக்கு 8 லட்சம் கட்டச் சொன்னார்கள். 2020 அக்டோபர் 15இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. குற்றப்பத்திரிகை வரவில்லை, ஆள் ஜாமீன் பத்திரம் கொடுக்கத் தயார், இரண்டே கேள்விதான். மூன்றாவதாகப் பணம் சேர்ந்தால், இல்லாதவருக்கு மட்டும் 60 நாள் என்பது 600 நாள் ஆகிவிடும். வெளியே வந்தபின் சாட்சியை மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்ய மனு போடலாம், அந்த வழி திறந்தேதான் இருக்கிறது.

வைகைக்கரை:
60 நாள் பற்றி உங்கள் தர்க்கம் எனக்குப் புரிகிறது. எழுத்துக் காரணம்தான் இன்னும் இடிக்கிறது. கையும் களவுமாகப் பிடிபட்டவருக்குத் தான் ஏன் கைதானோம் என்று தெரியாதா? 2025 ஆகஸ்டில் கர்நாடக நடிகர் ஜாமீன் வழக்கில் உச்ச நீதிமன்றமே, எழுத்தில் தராததாலேயே கைது செல்லாமல் போகாது, அதனால் பாதிப்பு நேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் என்றது.

மேலூர் வக்கீல்:
அதற்கு மூன்று மாதத்தில், 2025 நவம்பர் 6இல், மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் விதியைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். எந்தச் சட்டத்தின் கீழான குற்றமானாலும் காரணங்கள் எழுத்தில், அவருக்குப் புரிகிற மொழியில். நீங்கள் சொல்கிற கையும் களவுமான நிலைமையையும் யோசித்திருக்கிறார்கள். அப்போது வாயால் சொன்னால் போதும், தாளைப் பிறகு கொடுக்கலாம், ஆனால் ரிமாண்டுக்கு நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்பு. கொடுக்கவில்லை என்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம். அதோடு வழக்கு செத்துப்போவதும் இல்லை. காரணங்களைக் கொடுத்துவிட்டு மறுபடி ரிமாண்ட் கேட்கலாம், ஒரு வாரத்துக்குள் முடிவெடுக்கப் பார்க்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. இந்த விதி அன்றிலிருந்து முன்னோக்கித்தான், பழைய கைதுகளுக்கு இல்லை.

அந்த இரண்டு மணி நேரம் எதற்கு? வக்கீலோ சட்ட உதவி வக்கீலோ தாளைப் படித்துவிட்டு ரிமாண்டை எதிர்க்க. ரிமாண்ட் என்பது ஜீப்பில் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருகிற வேலை என்று ஆகிப்போனதன் விளைவை 2020இல் சாத்தான்குளம் வழக்கில் தமிழ்நாடே பார்த்தது. அதைத் தானாக முன்வந்து கையில் எடுத்ததும் நம்ம மதுரைக் கிளைதான்.

ஓய்வு ரைட்டர்:
தாள் கொடுத்தும் தோற்பது எப்படி என்று காட்டுகிறேன். அச்சடித்த படிவத்தில் 'மேற்படி எதிரி தலைமறைவாகாமல் இருக்கவும், சாட்சிகளைக் கலைக்காமல் இருக்கவும், புலன் விசாரணை நலன் கருதியும்' என்று எழுதினால் அது எந்த ஆளுக்கும் பொருந்தும். அது கைதின் நோக்கம், காரணம் இல்லை. 2024 மே மாதம் புர்காயஸ்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் இந்த வித்தியாசத்தைத்தான் பிரித்துக் காட்டினார்கள். காரணம் என்றால் இப்படி இருக்க வேண்டும்: 'இன்ன தேதி இரவு இன்ன தெருவில் இன்னார் வீட்டுப் பின்கதவை உடைத்து நகை எடுத்த வழக்கில், அந்த நகையில் 10 பவுனை நீங்கள் இன்ன கடையில் அடகு வைத்ததாக ரசீதில் உள்ளது.' தமிழில், இரண்டு பிரதி, ஒன்றில் அவர் கையெழுத்து, கொடுத்த மணி, நிமிடம். கைதுக் குறிப்பாணை வேறு, இது வேறு. குறிப்பாணையில் குடும்பத்தாரோ அந்தப் பகுதிப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதிக் கொடுக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

வைகைக்கரை:
முக்கால் மணி நேர வேலைதான் என்றால், அதைச் செய்யாதவருக்கு நான் பரிந்து பேசவில்லை ஐயா. ஆனால் ரிமாண்ட் செல்லாமல் ஆள் வெளியே போகிறபோது, புகார் கொடுத்தவருக்கு ஒரு தகவலாவது போக வேண்டும். 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 193(3) இருக்கிறது. 61ஆம் நாள் ஜாமீன் பற்றியும் அன்றைக்கே சொல்ல வேண்டும் என்று யாராவது கேட்டு ஒரு உத்தரவு வாங்க வேண்டும்.

மேலூர் வக்கீல்:
அந்த மனுவைப் போடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீலாக இருந்தாலும் நான் ஆட்சேபிக்க மாட்டேன்.