ஜப்பானில் அன்பைச் சொல்வது: முட்டைக்கோஸ் வயலில் கேட்ட குரல்

தகாசாகி வாசி:

ஜப்பானியக் கணவர்கள் மனைவியிடம் அன்பை வாய்விட்டுச் சொல்வதே இல்லை என்று இந்தக் குழுவில் சிலர் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

குன்மா மாகாணத்தில் ட்சுமகோய் என்று ஒரு மலைக் கிராமம், முட்டைக்கோசுக்குப் பேர்போன ஊர். புராணக்கதை இளவரசன் யமாதோ தகேரு, கடலில் உயிர்விட்ட மனைவியை நினைத்து இந்தப் பக்கத்து மலைக்கணவாயில் நின்று கலங்கினானாம். ட்சுமகோய் என்றால் மனைவிக்காக ஏங்குவது; ஊருக்குப் பெயர் வந்ததே அதனால்தான் என்கிறார்கள். 2006-இல் இங்கே ஒரு விழா தொடங்கினார்கள். முட்டைக்கோஸ் வயலுக்கு நடுவே மேடையேறி, மனைவி மீதுள்ள அன்பைக் கத்திச் சொல்ல வேண்டும். விழா இல்லாத நாளிலும் 'ஐசாய் நோ ஒகா' (அன்பு மனைவிக் குன்று) என்ற குன்றில் ஏறிக் கத்தலாம்.

ஒரு கோடையில், ஓய்வுபெறும் வயதில் இருந்த எங்கள் அலுவலக மூத்தவர், தன் மனைவியோடு என்னையும் காரில் கூட்டிப்போனார். வழி நெடுக இருவரும் பேசியது மகளின் வீட்டுக் கடனைப் பற்றி மட்டும்தான். குன்றில் இறங்கியதும் தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மேடையேறினார். எதிரே அசாமா மலை. மனைவியின் பெயரை அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார். இத்தனை வருஷம் பென்தோ (மதியச் சாப்பாட்டு டப்பா) கட்டிக்கொடுத்தாயே, நன்றி! என் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாயே, நன்றி! அப்புறம், குரல் உடைய, "தாய்சுகி தா யோ!" உன்னை ரொம்பப் பிடிக்கும் என்று அர்த்தம்.

அந்த அம்மா "ஹாய், ஹாய் (சரி, சரி), போதும், இறங்குங்க" என்று சொல்லிக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். காதுவரை சிவந்திருந்தது. மூத்தவருக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். வீட்டுக்குள் சொல்ல வராத மனிதர்களுக்கு ஒரு வெட்டவெளியை ஒதுக்கிக் கொடுத்த அந்த ஊரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர் கத்தியதில் முக்கால்வாசி நன்றிதான் என்பதும் மனசில் நின்றது.

செண்டாய் மாணவி:

கல்யாணத்துக்குப் பிறகு எப்படியோ, தொடக்கத்தில் இவர்கள் ஒளித்துவைப்பதே இல்லை. கூடப் படிக்கும் பையனோடு ராமென் நூடுல்ஸ் சாப்பிட்டதும் ஹிரோசே ஆற்றங்கரையில் நடந்ததும் நம் ஊர்க் கணக்கில் ஏற்கெனவே காதல்தான். அவன் கணக்கு வேறு. ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் நிமிர்ந்து நின்று, "சுகி தெஸ். ட்சுகியத்தே குதசாய்" என்று சொல்லித் தலைகுனிந்தான். பிடித்திருக்கிறது, என் காதலியாக இருப்பீர்களா என்று முறையாகக் கேட்கிறான்! இதற்குக் கொகுஹாகு என்று பேர். எதிரில் இருப்பவர் சம்மதித்த பிறகுதான் ஜோடி என்று சொல்லிக்கொள்வார்கள். பள்ளிப் பிள்ளைகள்கூட இப்படித்தான். கேட்பவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! மறுப்பதற்கும் கௌரவமான வழி இருக்கிறது. எனக்கு இது எல்லா ஊரிலும் வேண்டும் என்று தோன்றியது.

நானும் குனிந்து "யோரோஷிகு ஒனேகாய்ஷிமாஸ்" என்று பணிவாகச் சம்மதம் சொன்னேன். பிப்ரவரி 14 வந்ததும் நான்தான் சாக்லெட் கொடுத்தேன், அங்கே பெண்கள் கொடுப்பதுதான் வழக்கம். மார்ச் 14, ஆண்கள் பதில் பரிசு கொடுக்கும் ஒயிட் டே, அவன் முறை. பிஸ்கெட் டப்பாவோடு வகுப்பு வாசலிலேயே நின்றிருந்தான்.