கேமுக்குள் நம்ம ஆள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

வளவுப்பூனை (பள்ளத்தூர்)

கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய சமையல் கேம் வெண்பா. அதை ஆடாதவர்கள் இந்தக் குழுவில் இருக்க மாட்டீர்கள், அதனால் கதைக்குள் போகவில்லை. 2023இல் வந்தபோதே ஒரு தடவை முடித்துவிட்டேன். போன கோடையில் ஆயா வீட்டுப் பட்டாலையில் உட்கார்ந்து மறுபடி ஆரம்பித்தேன். இட்லி வருகிற இடம். ஆவி போகிற வழி பார்த்துத் தட்டை அடுக்க வேண்டுமே, அது. பாக்கு இடித்துக்கொண்டிருந்த ஆயா எட்டிப் பார்த்து, "அடுக்குனது தப்பு, எடு எடு" என்றார்கள். 83 வயது. கேம் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் இட்லிச் சட்டி தெரியும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்தப் பொண்ணு எந்த ஊரு?"

"தமிழ்நாடுதான் ஆயா. கல்யாணம் ஆகி இப்பக் கனடாவுல இருக்கு."

"இவளும் போயிட்டாளா."

அவ்வளவுதான். உலக்கையை வைத்துவிட்டு இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டார்கள். ஆயாவின் அப்பச்சி, அதாவது அவர்களுடைய அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, தொழில் செய்ய, போனவர். என் அம்மான்கள் இரண்டு பேரும் இப்போது கடல் தாண்டி இருக்கிறார்கள். கேமில் வெண்பாவின் மகன் தமிழை விட்டு விலகும் பகுதி வந்தபோது ஆயா பக்கத்தில் இல்லை. நல்லவேளை என்று அன்றைக்கு நினைத்தேன். கூப்பிட்டு உட்காரவைத்திருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது.

தேவகோட்டைக்காரன்

எங்கள் காலத்தில் ஏது வெண்பா? தல்சிம்தான். அவன் இருக்கும் சண்டை கேம் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தது 1991இல். எங்கள் ஊர் வீடியோ கேம் கடைக்கு அது வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது. எட்டுப் பேரில் இந்தியாவுக்கென்று இருந்தது அந்த ஒருவன். கழுத்தில் மண்டையோடு, வாயில் நெருப்பு, ரப்பர் மாதிரி நீளும் கை கால். எனக்கு அதே கேமின் ஜப்பான்காரன் ரியூவை எடுக்க ஆசை. வரிசையில் நின்று, காசு போட்டு, கையை வைக்கப் போனேன். பின்னால் இருந்து ஒருவன், "டேய் கறுப்பா, உனக்குத்தான் உன் ஆளு இருக்கானே" என்றான். கடை முழுக்கச் சிரிப்பு. கடைக்காரரும் சிரித்தார். நான் தல்சிமை எடுத்தேன். அன்றைக்கு மட்டும் இல்லை, கடை மூடும்வரை தல்சிம்தான்.

பள்ளத்தூர் தங்கச்சிக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தமிழ் வீடு என்றால் இட்லி, தோசை என்று எத்தனை நாளைக்குக் காட்டுவார்கள்? எங்கள் வீட்டில் இட்லி தீபாவளிக்குத்தான். செட்டிநாடு என்றாலும் இதே கதை. கேமரா நேரே முகப்புக்கும் தேக்குத் தூணுக்கும் போகும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை வார்த்தவனின் வீட்டை எவன் காட்டினான்?

கண்டனூர்க்காரி

அண்ணே, வெண்பாவில் பிரியாணியும் இருக்கிறது, முழுக்க ஆடிவிட்டுப் பேசுங்கள். கல் வார்த்தவர் வீடு பற்றிச் சொன்னது சரி, அதில் எனக்கும் உங்கள் கட்சிதான். ஆனால் 1988இல் கனடா போன ஒரு குடும்பத்தின் தலையில் அத்தனையையும் கட்ட முடியாது.

என்னுடையது பிஜிஎம்ஐ, போனில் குழுவாகச் சேர்ந்து சுட்டு ஆடும் கேம். கடைசி வட்டம், எங்கள் ஸ்குவாடில் இரண்டு பேர்தான் பாக்கி. அதுவரை மைக் போடாதவள் "லெஃப்ட்ல ஆள்" என்று கத்திவிட்டேன். அடுத்த நொடி எனக்கு நாக் ஆகிவிட்டது, கூட ஆடுபவன் தூக்கிவிட்டால்தான் எழ முடியும். பாக்கியிருந்த அந்த இன்னொருவன் ஓடி வந்தான். வந்து என் பக்கத்தில் நின்றான். தூக்கிவிடவில்லை. "பொண்ணா நீயி? போயி அடுப்பைப் பாரு ஆத்தா" என்றான். என் சிவப்புக் கோடு குறையக் குறைய நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

திட்டு எனக்குப் பழக்கம். அந்த "ஆத்தா"தான் போகவே மாட்டேன் என்கிறது. அது நம் பக்கத்துப் பேச்சு. காரைக்குடி பஸ்ஸில் யாராவது அதே மாதிரி பேசினால் திரும்பிப் பார்க்கிறேன், இவனாக இருக்குமோ என்று.

கல்லல் சந்திப்பு

எனக்கு நடந்தது சின்னது. ஒரு கேமில் பெயரைத் தமிழில் அடித்தேன், வெறும் கட்டம் கட்டமாக வந்தது. ஆங்கிலத்தில் மாற்றிக்கொண்டேன்.

கண்டனூர்க்காரிக்குச் சில யோசனைகள். முதலில், தெரியாத ஆளோடு ஸ்குவாட் சேரவே வேண்டாம், தெரிந்த மூன்று பேரைப் பிடித்துவையுங்கள். ஆட்டம் முடிந்ததும் உடனே ரிப்போர்ட் அடியுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் விட்டதுதான். திரைப் பதிவை எப்போதும் ஓட விடுங்கள், ஆதாரம் வேண்டும். மைக்குக்குப் பதிலாக அந்தக் குறுஞ்செய்திச் சக்கரம் இருக்கிறதே, "எதிரி முன்னால்" என்று தானாகச் சொல்லும், அதைப் பழகுங்கள். பெயரிலும் பெண் என்று தெரியாதபடி பார்த்துக்கொள்வது நல்லது. அப்புறம் ஹெட்போன்...

கண்டனூர்க்காரி

நான் யோசனை கேட்கவில்லை. ஒளிந்துகொள்ள எனக்கே தெரியும், இரண்டு வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். நீங்களும் பெயரை மாற்றிக்கொண்டீர்களே, உங்களுக்கு அது சின்னதாகவா இருந்தது?

கானாடுகாத்தான் மச்சுவீடு

சண்டைக்கு நடுவில் வருகிறேன், மன்னிக்கவும்.

என் சித்தி மகனுக்குப் பார்வை மிகவும் குறைவு. லீவுக்கு வந்தால் நான் ஆடும்போது பக்கத்தில் உட்காருவான், அவன் கையிலும் ஒரு கன்ட்ரோலர் இருக்கும். அன்றைக்கு ஆடிய கேம் தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகம், 2020இல் வந்தது. அதில் பார்வை, செவி, கை அசைவு குறைந்தவர்களுக்கென்று 60க்கு மேல் வசதிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்றைப் போட்டால் சுற்றுப்புறம் முழுக்கச் சாம்பல் நிறமாகி, நம் ஆள் நீலமாகவும் எதிரி சிவப்பாகவும் தெரிவார்கள். எதற்கோ தேடும்போது கண்ணில் பட்டது, போட்டுவிட்டு என் கன்ட்ரோலரை அவனிடம் கொடுத்தேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்தா ஒருத்தன் நிக்கிறான்" என்றான். நான் அந்த ஆளை அதுவரை கவனிக்கவே இல்லை. அவன் நீல உருவத்தைக் குனிய வைத்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டு போனான்.

அதற்கு முன் நான்கு வருஷமாக அவன் கையில் நான் கொடுத்துவந்தது இணைப்பே இல்லாத கன்ட்ரோலர். சின்னப் பையன், தெரியாது என்று நினைத்திருந்தேன்.

"இன்னைக்குத்தான் அண்ணே நெசமாவே ஓடுது" என்றான், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல்.